வசையும் வரலாறும்: மலிக் அம்பரை முன்வைத்து

அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில் உள்ள செஸ்டர் பீட்டி நூலகத்தில் முகலாயர் காலத்து ஓவியம் ஒன்று பேணப்பட்டு வருகிறது. பேரரசர் ஜஹாங்கீரின் அவை ஓவியர் அபுல் ஹஸன் 1616ஆம் ஆண்டை ஒட்டி அதனைத் தீட்டினார் என்பர். உலக உருண்டையின் மீது பேரரசர் வில்லேந்தி நிற்கிறார். எதிரே ஈட்டி முனையில் செருகப்பட்ட கருநிறத் தலையொன்று. பேரரசரின் அம்பு அத்தலையைத் தாக்குகிறது. தலைக்குரியவர் மலிக் அம்பர். ஹபஷா நாட்டில் பிறந்து, அடிமையாக விற்கப்பட்டு, பின்னாளில் தக்காணத்து அஹ்மத்நகர் அரசைக் கால் நூற்றாண்டு காலம் தாங்கி நின்றவர்.

இவ்வோவியத்தின் வண்ண நுட்பத்தைப் போற்றாத கலை வல்லுநர் இலர். நாமும் போற்றுவோம். ஆயினும் ஓர் உண்மையை மறத்தலாகாது. ஓவியத்தில் கண்ட செயல் நிகழவே இல்லை. ஜஹாங்கீரின் படைகள் அம்பரின் தலையைக் கொய்ததும் இல்லை. அவரைச் சிறைப்பிடித்ததும் இல்லை. 1626ஆம் ஆண்டு, ஏறத்தாழ எண்பது வயதில், தம் ஆட்சிப் பொறுப்பில் இருந்தபடியே அம்பர் இயற்கையாக உயிர் நீத்தார். குல்தாபாத்தில் அவருடைய கல்லறை இன்றும் நிற்கிறது. களத்தில் கிட்டாத வெற்றியைப் பேரரசர் தாளில் பெற்றுக் கொண்டார்.

அரபு இலக்கியத்தில் 'ஹிஜா' என்றொரு வகை உண்டு. நம் தமிழில் வசைப்பாட்டு என்பர். அந்த ஓவியம் வண்ணத்தால் எழுதிய ஒரு ஹிஜாவே. வசை வசையாகவே நின்றுவிடின் கேடில்லை. பின்வருவோர் அதனை வரலாறு என்று எண்ணிக் கையாளும்போதுதான் கேடு தொடங்குகிறது. ஆப்பிரிக்க மக்களைப் பற்றியும், கடல் கடந்து பிற நாடுகளில் வாழ நேர்ந்த அவர்தம் வழித்தோன்றல்களைப் பற்றியும் நமக்குக் கிடைக்கும் எழுத்துகளில் வசை எது, வரலாறு எது என்று பிரித்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் மெய்யான செய்திகளைத் தொகுத்துக் கொள்வோம். அம்பர் 1548ஆம் ஆண்டையொட்டி ஹபஷாவில் பிறந்தவர். செங்கடல் துறைமுகமான மோக்காவில் விற்கப்பட்டார். பக்தாதைச் சேர்ந்த மீர் காஸிம் என்பவர் அவருக்குக் கல்வி அளித்தார். அங்கிருந்து தக்காணம் வந்து, அஹ்மத்நகரின் அமைச்சர் செங்கிஸ்கானிடம் சேர்ந்தார். இந்தச் செங்கிஸ்கானும் ஒரு ஹபஷியே. அடிமையாக வந்து அமைச்சரானவரே. எசமானர் மறைந்தபின் உரிமை பெற்ற அம்பர், சிறு குதிரைப் படை ஒன்றைத் திரட்டினார். 1600ஆம் ஆண்டில் அக்பரின் படை அஹ்மத்நகர்க் கோட்டையைக் கைப்பற்றியது. அரசு அழிந்தது என்று எல்லாரும் எண்ணிய அவ்வேளையில், நிஜாம் ஷாஹி குடும்பத்து இளவரசர் ஒருவரை அரியணையில் அமர்த்தி அரசை மீட்டெடுத்தவர் அம்பர்.

1610இல் கட்கீ என்னும் நகரை அவர் நிறுவினார். மலையடிவாரத்து ஊற்று நீரை நிலத்தடிக் கால்வாய் வழியே நகருக்குக் கொணர்ந்தார். நஹ்ரே அம்பரி எனப்படும் அக்கால்வாய், நீரின் இயல்பான இறக்கத்தை மட்டுமே துணையாகக் கொண்டு ஓடியது. நிலவரியைச் சீர்செய்தார். பெரும்படையை நேர்நின்று எதிராமல், அதன் உணவு வழியை அறுத்து, இரவில் தாக்கி, மலையில் மறையும் போர்முறையில் மராட்டியக் குதிரை வீரரைப் பழக்கினார். 1624இல் பாத்வாடியில் முகலாயரும் பீஜப்பூராரும் சேர்ந்து வந்த படையை அவர் முறியடித்தபோது, சிவாஜியின் தந்தை ஷாஜி அவர் பக்கம் நின்று போரிட்டார்.

அவர் நிறுவிய நகரின் பெயர் வரலாறு தனியே நோக்கத்தக்கது. கட்கீ, அவர் மகன் பத்ஹ்கானால் பத்ஹ்நகர் ஆயிற்று. 1653இல் ஔரங்காபாத் ஆயிற்று. 2023இல் சத்ரபதி சம்பாஜிநகர் ஆயிற்று. நான்கு பெயர்களில் ஒன்றிலேனும் நிறுவியவர் பெயர் இல்லை. பெயரைப் பற்றி வழக்காடுவோரில் எத்தனை பேர் அம்பரை நினைக்கின்றனர்?

இத்தகையவரை ஜஹாங்கீரின் 'துஸுக்' என்னும் தன்வரலாற்று நூல் எவ்வாறு குறிக்கிறது? கருமுகத்தான், இருண்ட ஊழினன் என்று பொருள்படும் அடைமொழிகளின்றி அம்பரின் பெயர் அதில் வருதல் அரிது. பாரசீக மரபில் 'கரிய முகம்' என்பது இழிவுற்றவனைக் குறிக்கும் வழக்கு; நிறத்தைக் குறிப்பதன்று. வெள்ளை நிறத்தவனுக்கும் அது பொருந்தும். நம் தமிழிலும் 'அவன் முகம் கறுத்தது' என்றால் தோல் கறுத்தது என்று எவரும் கொள்வதில்லை. மனம் வருந்தியது என்றே கொள்வர். பெண் மகவு பிறந்த செய்தி கேட்டு முகம் கறுத்த அறியாமைக் கால அரபியரைத் திருக்குர்ஆன் கண்டிக்கும் இடத்திலும் பொருள் இதுவே. அதே மறை, மனிதரின் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருத்தலை இறைவனின் சான்றுகளுள் ஒன்றாக எண்ணுகிறது. உருவகமாக நின்ற சொல்லை, உண்மையிலேயே கருநிறம் படைத்த ஒரு மனிதர் மீது எறியும்போது உருவகமும் உடலும் ஒன்றாகி விடுகின்றன. தோற்றவனுக்குரிய சொல் பிறவிக்குரிய சொல்லாகிறது. இதில் ஒரு விந்தை: அந்நாட்களில் தோற்றுக் கொண்டிருந்தவர் அம்பர் மட்டும் அல்லர். 1610ஐ ஒட்டி அஹ்மத்நகர்க் கோட்டையை இழந்தவர்கள் முகலாயர்களே.

இவ்வகை வசைக்கு அரபு இலக்கியத்தில் புகழ்பெற்ற முன்னோடி உண்டு. நம் மதரஸாக்களில் முதனபீயின் திவானைப் பாடம் கேட்டவர் அனைவரும் காபூரை அறிவர். ஆப்பிரிக்காவில் பிறந்து, அடிமையாக எகிப்துக்கு வந்து, 946 முதல் 968 வரை அந்நாட்டின் ஆட்சியைத் தம் கையில் வைத்திருந்தவர் அவர். 957இல் முதனபீ அவரிடம் வந்தார், வானளாவப் புகழ்ந்தார், ஒரு மாகாணத்தின் ஆளுநர் பதவியை நாடினார். பதவி கிட்டவில்லை. 962இல் பெருநாளை ஒட்டி எகிப்தை விட்டு வெளியேறினார். அதன்பின் அவர் பாடிய வசையில் காபூரின் நிறமும், அடிமைப் பிறப்பும், உடற்குறையும் இலக்காயின. ஐந்தாண்டுக் காலம் புலவரின் கண்ணில் படாத கருமை, மனு மறுக்கப்பட்ட பின்னரே கண்ணில் பட்டது போலும்!

அப்பாடலின் சொல்லாட்சியை எவரும் குறைத்து மதிப்பிட இயலாது. ஆனால் யாப்பையும் அணியையும் மட்டும் கற்பித்து, அது மறுக்கப்பட்ட மனு ஒன்றின் எதிரொலி என்பதைக் கற்பியாது விட்டால், மாணவன் உள்ளத்தில் எஞ்சுவது எது? காபூரின் இருபதாண்டு ஆட்சியா, அல்லது புலவரின் இகழுரையா? இலக்கியத்தின் வல்லமையே ஈண்டு இடராகிறது. மோசமான கவிஞன் பாடிய வசை அவனோடு மடியும். பெருங்கவிஞன் பாடிய வசை ஆயிரம் ஆண்டு பாடத்திட்டத்தில் நிலைத்துவிடும்.

வசை ஒருபுறம் இருக்க, புகழும் பிழைபடுவது உண்டு. அம்பர் மறைந்தபின் ஜஹாங்கீர் அவையைச் சேர்ந்த முஃதமத் கான் தமது 'இக்பால் நாமா'வில் அவரை மனமாரப் பாராட்டினார். போரிலும் ஆட்சியிலும் அவருக்கு நிகரில்லை என்றும், ஹபஷி அடிமை ஒருவர் இவ்வளவு உயர்ந்ததை வரலாறு வேறெங்கும் கண்டதில்லை என்றும் பொருள்பட எழுதினார். எதிரியின் வாய்ச்சொல் ஆதலால் இதனைப் பலரும் எடுத்தாள்கின்றனர். முன்பாதி நேர்மையான கூற்று. பின்பாதி பொருந்தாக் கூற்று. காபூரை விட்டாலும், வங்காளத்தை எவ்வாறு மறப்பது? 1487 முதல் ஆறேழு ஆண்டுகள் அங்கே ஹபஷிகளே சுல்தான்களாய் ஆண்டனர். அவர்களுள் ஸைபுத்தீன் பிரோஸ் ஷாவின் பெயரைத் தாங்கிய கோபுரம் கௌர் நகரில் நிற்கிறது. குஜராத்தில் ஸீதி ஸையித் 1572-73இல் எழுப்பிய பள்ளிவாசலின் கற்சாளரம் அஹ்மதாபாத் நகரின் அடையாளமாகவே ஆகிவிட்டது. கொங்கண் கடலில் ஜஞ்சீராக் கோட்டையைச் சித்தி மரபினர் 1948 வரை ஆண்டனர்.

ஒருவரை 'இவரைப் போல் இன்னொருவர் இல்லை' என்று புகழ்வது, அவருடைய இனத்தாரில் ஏனையோர் தகுதியற்றவர் என்று சொல்லாமற் சொல்வதாகவும் முடியும். விதிவிலக்கைப் போற்றுகிறவன் விதியை ஏற்றுக் கொள்கிறான். ஆகவே அம்பரைத் தனிமரமாக நிறுத்தும் புகழுரையையும் நாம் ஐயத்தோடே நோக்க வேண்டும். அவர் ஒரு தோப்பின் உயர்ந்த மரம்.

வசை எவ்வாறு வளர்கிறது என்பதற்கு ஜமாலுத்தீன் யாகூத்தின் கதை சான்று. 1236 முதல் 1240 வரை தில்லியை ஆண்ட ரஸியா, ஹபஷியாகிய யாகூத்தைக் குதிரை இலாயங்களின் தலைவராக்கினார். துருக்கியப் பிரபுக்கள் பொறாமையுற்றனர். அக்காலத்தவரான மின்ஹாஜ் 1260இல் முடித்த நூலில், யாகூத் பெற்ற நெருக்கம் பிரபுக்களை வெகுளச் செய்தது என்ற அளவோடு நிற்கிறார். தொண்ணூறு ஆண்டு கழித்து 1350இல் இஸாமி எழுதியபோது அது அரசியின் கற்பைப் பற்றிய கதையாயிற்று. 1983இல் வெளிவந்த 'ரஸியா சுல்தான்' என்னும் இந்தித் திரைப்படத்தில் யாகூத்தாக நடித்த தர்மேந்திராவுக்கு முகத்தில் கருமை பூசினர். ஹபஷிகளின் வழித்தோன்றல்கள் இந்நாட்டில் பல்லாயிரவர் வாழ்ந்திருக்க, அவர்களுடைய முன்னோர் ஒருவரைத் திரையில் காட்ட மை தேவைப்பட்டது! அரசியல் பகை காதற்கதை ஆனது; காதற்கதை வேடம் ஆனது. யாகூத் என்னும் அதிகாரி எங்கோ மறைந்தார்.

பிறர் குறையைப் பேசும் நாம் நம் மரபின் குறையையும் பேசுதல் நீதி. காபூர், அம்பர், யாகூத் ஆகிய மூன்று பெயர்களையும் சேர்த்துப் பாருங்கள். காபூர் என்பது கற்பூரம். அம்பர் என்பது கடல் தரும் நறுமணப் பொருள். யாகூத் என்பது மாணிக்கம். தந்தையார் இட்ட பெயர்கள் அல்ல இவை. விற்றவரும் வாங்கியவரும் இட்டவை. ஒரு வணிகனின் சரக்குப் பட்டியல் போன்றே ஒலிக்கின்றன. அரபியில் 'ஹால்' என வழங்கும் நம் ஏலமும், மிளகும் ஏறிச் சென்ற அதே கடல்வழியில்தான் இம்மனிதர்களும் வந்தனர். மோக்காவில் அம்பரை விற்றவர்களும் வாங்கியவர்களும் கலிமா மொழிந்தவர்களே. அடிமையை உரிமை விடுதல் மேலான அறம் என்று கற்ற சமுதாயத்தில் அடிமைச் சந்தை ஆயிரம் ஆண்டுக்கு மேல் நடந்தது. 869இல் பஸராவின் உப்பு நிலங்களில் ஸன்ஜ் அடிமைகள் கிளர்ந்தெழுந்து, 883 வரை பதினான்கு ஆண்டு போரிட்டனர். அதனை விரிவாகப் பதிந்த தபரி போன்ற மாபெரும் வரலாற்றாசிரியரே, கிளர்ச்சித் தலைவரை இழிசொல்லாலன்றிக் குறிக்கவில்லை. அம்பரும் இக்குறைக்கு விலக்கல்லர். தாம் விடுதலை பெற்றவர் ஆயினும், ஹபஷி அடிமைகளை விலைக்கு வாங்கித் தம் படையைப் பெருக்கினார். அவரை அடிமை ஒழிப்பு வீரராகக் காட்ட முயலும் இக்கால எழுத்துகள் ஓர் ஓவியத்துக்கு மாற்றாக இன்னோர் ஓவியத்தைத் தீட்டுகின்றன.

எனினும் நம் அறிவு மரபில் மாற்றுக் குரலும் உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் ஜாஹிழ், கருநிறத்தாரின் பெருமையை நிலைநாட்டத் தனி நூலே எழுதினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இப்னுல் ஜௌஸியும், பின்னர் ஸுயூத்தியும் ஹபஷிகளின் சிறப்பைத் தொகுத்தனர். பாடத்திட்டத்தில் முதனபீக்கு இடம் உண்டு, இவர்களுக்கு இல்லை. இதனை யார் எண்ணிப் பார்த்தனர்?

தமிழுக்கு வருவோம். உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் ஹபஷா நாடு அறம் வாழும் நாடு. மக்காவில் துன்புற்ற நம்பிக்கையாளர் அடைக்கலம் தேடிச் சென்ற நாடு; நஜாஷி மன்னர் நீதி வழங்கிய நாடு. அதனைப் பாட ஒரு படலமே உண்டு. முதல் பாங்கொலி எழுப்பிய பிலால் (ரலி) அவர்களின் அன்னை அந்நாட்டு மரபினரே. ஆனால் நம் தெரு வழக்கில் ஆப்பிரிக்கருக்கு உரிய சொல் எது? 'காப்பிரி'. அகராதியிலும் அச்சொல் ஏறியுள்ளது. கருநிறக் குழந்தையை, சுருள்முடிப் பிள்ளையைக் கேலி செய்யவும் அதுவே பயன்படுகிறது. அதன் மூலம் அரபியின் 'காபிர்'. கிழக்காப்பிரிக்கக் கரையில் இஸ்லாத்தை ஏற்காதோரைக் குறிக்க அரபியர் வழங்கிய சொல்லைப் போர்ச்சுகீசியர் கைக்கொண்டு, ஆப்பிரிக்கர் அனைவர் மீதும் சுமத்தினர். அவர்கள் கப்பலோடு அது நம் கரைக்கு வந்தது. கொச்சியில் 'காப்பிரி முத்தப்பன்' என்று, போர்ச்சுகீசியரால் கொல்லப்பட்டதாகக் கூறப்படும் அடிமைகளின் ஆவிக்கு விளக்கேற்றுவோர் இன்றும் உளர். இலங்கையில் புத்தளத்தருகே வாழும் ஆப்பிரிக்க வழியினர்க்கும் அதுவே பெயராயிற்று. பிலாலின் மக்களைக் 'காபிர்' என்று அழைக்கும் சொல்லை, பிலாலின் பெயரைத் தம் மக்களுக்குச் சூட்டும் நம்மவரும் நாவில் வைத்திருக்கின்றனர். இம்முரணை விடப் பெரிய முரண் வேறு உண்டோ?

தேவாரத்தில் இருந்துகொண்டு ஹபஷாவைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்பாரும் உண்டு. மேற்கே தலைநிமிர்ந்து நிற்கும் மலையே அதற்கு விடை. போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடியுமுன் ஜீப்புகளில் நெருக்கி ஏறி ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் பெண்களை நாம் நாள்தோறும் காண்கிறோம். அவர்களுடைய வாழ்வு எழுதப்பட்டிருக்கும் ஒரே ஏடு தோட்டத்து வருகைப் பதிவேடு; அதை எழுதுபவர் அவர்கள் அல்லர். ஆங்கிலப் பேரரசு 1833இல் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. 1834 ஆகஸ்டு 1இல் அது நடைமுறைக்கு வந்தது. விடுதலை பெற்ற ஆப்பிரிக்கரின் இடத்தை நிரப்பக் கரும்புத் தோட்ட முதலாளிகள் நாடியது நம்மவரை. மொரீசியசுக்கும், கயானாவுக்கும், பின்னர் நேட்டாலுக்கும் ஒப்பந்தத் தொழிலாளராகத் தமிழர் கப்பலேறினர். 1860 நவம்பர் 16இல் நேட்டாலில் கரை சேர்ந்த முதற்கப்பல் சென்னையிலிருந்து சென்றதே. 'கூலி' என்னும் நம் சொல், உழைப்பின் ஊதியத்தைக் குறித்த சொல், அந்நாடுகளில் ஒரு மனித இனத்தை இழித்துரைக்கும் சொல்லாயிற்று. 'காப்பிரி'யும் 'கூலி'யும் ஒரே வசையின் இரு பெயர்கள்.

தென்னாப்பிரிக்காவில் இவ்விரு சொற்களாலும் இகழப்பட்டவர்கள் ஒருவரை ஒருவர் அடையாளம் காண நெடுங்காலம் ஆயிற்று. 1947 மார்ச்சு 9இல் ஆப்பிரிக்கத் தலைவர் ஸூமா, தமிழர் மரபில் வந்த நாயக்கர், குஜராத்தி முஸ்லிமாகிய யூசுப் தாதூ ஆகிய மருத்துவர் மூவரும் கூட்டாகப் போராட ஒப்பந்தம் செய்தனர். இரண்டே ஆண்டில், 1949இல், தர்பனில் ஆப்பிரிக்கருக்கும் இந்தியருக்கும் இடையே பெருங்கலவரம் மூண்டது. ஆயினும் ஒப்பந்தத்தின் வழி மறையவில்லை. 1955இல் கிளிப்டவுனில் விடுதலைச் சாசனம் ஏற்கப்பட்ட மன்றில் இருசாராரும் இருந்தனர். 1994இல் அனைவரும் வாக்களித்த நாள் வந்தது. 'காபிர்' என்னும் வசையால் காவலரை இழித்த ஒருவருக்கு 2018இல் அந்நாட்டு நீதிமன்றம் சிறைத்தண்டனையே விதித்தது. அங்கே குற்றமாகிவிட்ட சொல் இங்கே கேலியாக நிலவுகிறது.

இந்தியாவில் வாழும் சித்திகளின் வரலாறும் அரண்மனையோடு முடியவில்லை. கர்நாடகத்தின் வடகன்னடக் காடுகளில் வாழும் சித்திகள் 2003இல் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். 2020இல் சாந்தாராம் சித்தி அம்மாநில மேலவைக்கு நியமிக்கப்பட்டார். அச்சமுதாயத்திலிருந்து அம்மன்றம் புகுந்த முதல்வர் அவர். குஜராத்தின் ஹீராபாய் லோபி, தம் சமுதாயப் பெண்களின் முன்னேற்றத்துக்கு உழைத்தமைக்காக 2023இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அம்பருக்கு நானூறு ஆண்டு கழித்து ஒரு மேலவை இடம்! வளர்ச்சி என்று மகிழ்வதா, இடைப்பட்ட காலத்தை எண்ணி நாணுவதா என்பதை வாசகர்களே முடிவு செய்க.

ஆகவே நாம் முன்வைப்பது பெரியதொரு திட்டமன்று. முதனபீயின் வசையை நடத்தும் ஆசிரியர், அதே வேளையில் காபூரின் ஆட்சியையும் நடத்துக. மறுக்கப்பட்ட மனுவையும் சொல்லுக. சீறாப்புராணத்தின் ஹபஷாப் படலத்தை விளக்குவோர், அந்நாட்டு மக்களுக்குப் பிற்காலத்தில் நேர்ந்ததையும் விளக்குக. அம்பரைக் கற்பிக்கையில் அவர் வென்ற போர்களோடு, அவர் விற்கப்பட்டதையும், அவர் விலைக்கு வாங்கியதையும் மறையாது கற்பிக்க. வகுப்பில் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைக் 'காப்பிரி' என்று அழைக்கக் கேட்டால், அடிக்க வேண்டா; அச்சொல் எந்தக் கப்பலில் வந்தது என்று சொல்லிக் கொடுத்தால் போதும். தோட்டத்திலிருந்து மாலையில் இறங்கி வரும் தாயின் பிள்ளைக்கு அது எளிதில் விளங்கும்.